வில்லன் கிடைச்சாச்சு

உலகத்தைக் காப்பாற்ற வேண்டிய பெண்ணுக்குக் குரல் இல்லை. அதனால் அவன் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, தொண்டையை இறுக்கிக்கொண்டு, பெண் குரலில் கத்திக்கொண்டிருந்தான்.

"நில்! இந்த நகருக்குள் நுழையாதே!"

போட்டுக் கேட்டான். வாலை மிதித்த பூனை மாதிரி இருந்தது. பூனைகூட இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்லியிருக்கும்.

அவன் சவுண்ட் எடிட்டர். ஸ்டூடியோவில் அவனை 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவனுக்கு அப்படி ஒரு பெயர் வைத்தது யாரோ ஒரு புண்ணியவான்.

படம் கார்ட்டூன் படம். ஐந்து குட்டிக் கதைகள், ஐந்து சூப்பர் ஹீரோக்கள், ஐந்து இயக்குநர்கள். எல்லாவற்றையும் கோத்தால் ஒரு படம். மூன்றாவது கதை அவன் பொறுப்பு. அதன் நாயகி நடுத்தர வயதுப் பெண். பறக்கமாட்டாள். கண்ணிலிருந்து நெருப்பு வராது. கத்துவாள், அவ்வளவுதான். அவள் கத்தினால் ஓடுகிற ரயில் நிற்கும். இடிந்து விழுகிற கட்டடம் பாதியில் நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.

கார்ட்டூனில் குரல்தான் முதலில். குரலைக் கேட்டுத்தான் வரைகிறவர்கள் உதட்டை வரைவார்கள், புருவத்தை உயர்த்துவார்கள். அதற்காக யாரையாவது வைத்து ஒப்புக்கு ஒரு குரல் பதிவு செய்வது வழக்கம். அதற்கு டம்மி என்று பெயர். படம் வரைந்து முடிந்ததும் பெரிய நடிகர் யாராவது வந்து அதன்மேல் பேசுவார். டம்மி குப்பைக்குப் போகும்.

இதுவரை அவன் வேலை பார்த்த படங்களுக்கெல்லாம் டம்மி பேசியது அவன் மனைவி. அணில், மகாராணி, பல்வலி வந்த முதலை எல்லாமே அவள்தான். இதே அலமாரிக்குள், தொங்குகிற தன் உடைகளுக்கு நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசுவாள். துணி எதிரொலியைக் குடித்துவிடும்.

அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. துணிகள் அப்படியே தொங்குகின்றன. "யாருக்காவது குடுத்துடலாமே?" என்று கேட்பவர்களிடம், "எதிரொலி வரும்" என்பான். தொழில் காரணம். அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

"வேற லேடி வாய்ஸ் ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று இயக்குநர் கேட்டிருந்தார்.

"வேண்டாம் சார். நான் பாத்துக்கறேன்."

வேறொருத்தி வந்து அந்த அலமாரிக்குள் உட்காருவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதன் விளைவு, பூனை.

சலித்துப்போய் எழுந்து, தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தான். வந்த பிறகுதான் தெரிந்தது, மைக்கை அணைக்காமலே போயிருக்கிறான். அலமாரிக்குள் அந்தச் சின்ன சிவப்பு லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அழிப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்தான்.

பூனை. பிறகு மின்விசிறி. பிறகு செருப்புச் சத்தம். பிறகு காலிங்பெல். பிறகு:

"நேத்தே வரச் சொன்னேன்ல? இன்னிக்கு வந்து பல்லைக் காட்டிட்டு நிக்கிற! வாசப்படியத் தாண்டி ஒரு அடி வெச்சுப் பாரு, என்ன நடக்குதுன்னு!"

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டான். சந்தேகமே இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவரை யாரோ கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ, அத்தை.

அத்தை என்றால் மாமியார். வேலைக்காலம் முழுவதும் ஒரு நூலகத்தில் இருந்தவர். "எங்கம்மா உதட்டுல விரலை வெச்சு 'ஷ்'னு சொல்லியே சம்பளம் வாங்கினவங்க" என்று மகள் கேலி செய்வாள். மகளுக்கு உடம்பு முடியாமல் போனபோது பார்த்துக்கொள்ள வந்தார். எல்லாம் முடிந்த பிறகும் போகவில்லை. போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இருக்கச் சொல்லவும் வரவில்லை. அவள் இருந்தவரை இருவருக்கும் நடுவே அவள்தான் மொழிபெயர்ப்பாளர். 'அம்மா என்ன சொல்றாங்கன்னா', 'அவர் என்ன நினைக்கிறார்னா' என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருப்பாள். இப்போது வீட்டில் இரண்டு வசனங்கள்தான்.

"சாப்பிட வாங்க மாப்பிள்ளை."

"வந்துட்டேன் அத்தை."

அப்படிப்பட்ட அத்தையிடமிருந்து இப்படி ஒரு கர்ஜனை. அதுவும் சிவப்பு லைட் எரியும்போது. அந்த லைட் எரிந்தால் அத்தை நுனிக்காலில்தான் நடப்பார். தும்மல் வந்தால்கூட வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார். மகள் பழக்கிய பழக்கம். அதையே மறந்துவிட்டார் என்றால்?

துக்கம், என்று அவன் முடிவு செய்தான். துக்கம் சிலரை ஊமையாக்கும், சிலரைக் கத்தவைக்கும். முதல் வகை அவன். இரண்டாம் வகை அத்தை. பாவம்.

பாவம் என்று நினைத்த கையோடு அந்தக் குரலை வெட்டி எடுத்து நாயகியின் வாயில் பொருத்தினான்.

பொருந்தியது. சும்மா இல்லை, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

அன்றிலிருந்து தண்ணீர் கேன் வருகிற காலைகளில் மைக்கை ஓடவிட்டு, அலமாரிக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்விடுவான். துணி காயப்போடுகிற கொடிக்கு அடியில் திருடன் மாதிரி நின்றுகொண்டிருப்பான். திரும்பி வந்து கேட்டால் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கும்.

வில்லன் ஒரு பேருந்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் காட்சி. அத்தை கேன்காரரிடம், "கீழ வை! வைன்னா வை! மெதுவா வைக்கத் தெரியாதா? உடைஞ்சா உங்கப்பனா பதில் சொல்லுவான்?"

வில்லன் மன்னிப்புக் கேட்டு நடிக்கும் காட்சி. அத்தை, "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எத்தனை பேரை ஏமாத்தின? எங்கிட்ட நடக்காது!"

எது வேண்டுமோ அது கிடைத்தது. சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த வசனத்தாள்கள் சில நாள் வரிசை மாறிக் கிடக்கும். ஜன்னல் காற்று. எடுத்து அடுக்கி வைப்பான். தன் அதிர்ஷ்டத்தை நினைத்து அவனுக்கே கூச்சமாக இருந்தது. செத்தவளின் அம்மா வயிறெரிந்து கத்துவதை அறுவடை செய்து கார்ட்டூனுக்கு விற்கிறோமே என்பதை நினைத்தால் கூச்சம் போய் வேறு என்னவோ வந்தது. அதனால் நினைக்கவில்லை.

இயக்குநர் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"யாருய்யா இந்தம்மா?"

"தெரிஞ்சவங்க சார்."

"வசனத்த யாரு மாத்தினது? நாம எழுதினதைவிட நல்லாருக்கு."

"அவங்களே."

"நேர்ல கூட்டிட்டு வாய்யா, பாக்கணும்."

"வெளிய வரமாட்டாங்க சார். ரொம்ப தூரம்."

அது முழுப்பொய் அல்ல. அலமாரியிலிருந்து அத்தை உட்காரும் நாற்காலிக்கு ஏழெட்டு அடிதான். ஆனாலும் தூரம்தான்.

வரைகிறவர்கள் நாயகியை வரைந்தார்கள். இடுப்பில் ஒரு கை. மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பு வழியாக ஒரு பார்வை. அச்சு அசல் அத்தை. அவன் திடுக்கிட்டுப்போய், "கண்ணாடி எப்படி வந்துச்சு?" என்று கேட்டான். "தெரியல சவுண்டு, குரலைக் கேட்டா கண்ணாடி போட்டிருப்பாங்கன்னு தோணுச்சு" என்றார்கள்.

டம்மியைத் தூக்கிவிட்டுப் பேசவேண்டிய நட்சத்திர நடிகை ஒருநாள் வந்தார். மைக்கும் அன்றே வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்கு வந்தது, படம் முடியும்வரை அங்கேதான். நடிகையுடன் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க், ஃபிளாஸ்கைத் தூக்க ஒருவர், மூடியைத் திறக்க ஒருவர்.

"நான் ரெண்டு தடவைக்கு மேல கத்தமாட்டேன். தொண்டைதான் என் சொத்து."

கத்தினார். 'வாசப்படியத் தாண்டி ஒரு அடி வெச்சுப் பாரு' என்பது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருங்கள் என்பது போல இருந்தது. திரையில் நாயகியின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"அந்த வாயை மூடச் சொல்லுங்க. நான் பேசி முடிச்சிட்டேன்" என்றார் நடிகை.

மூடவில்லை. வரைந்த வாய் யார் சொன்னாலும் மூடாது. மத்தியானத்துக்குள் நடிகைக்குப் புரிந்துவிட்டது. "இந்த டம்மி யார் பேசினாங்களோ, அவங்களையே வெச்சுக்குங்க. இவங்ககிட்டத் திட்டு வாங்குற மாதிரியே இருக்கு எனக்கு" என்று ஃபிளாஸ்கோடு கிளம்பிவிட்டார்.

இயக்குநருக்குச் சந்தோஷம். "நல்லதாப் போச்சுய்யா. டம்மியே நாயகி. ஆனா கிளைமாக்ஸுக்கு ஒரு வசனம் பாக்கி இருக்கு. வில்லன் ஊரை விட்டுப் போன்னு சொல்றான். அவ சொல்றா: 'இது என் வீடு. நான் எங்கயும் போகமாட்டேன்.' அது இல்லாம இந்தக் கதையே இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். உன் தூரத்து அம்மாகிட்டச் சொல்லி வாங்கிடு."

இங்கேதான் அவன் அத்தையிடம் போய், 'அத்தை, ஒரு உதவி' என்று சொல்லியிருக்கவேண்டும். குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்தான். 'அத்தை, உங்க துக்கத்தை நான் திருடிட்டேன்.' கண்ணாடியில் இருந்தவனுக்கே முகம் சரியில்லை. கடைசி வசனத்தையும் திருடிவிட்டு மொத்தமாக ஒப்புக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

முதலில், இருக்கிற பதிவுகளிலிருந்து ஒட்டுப்போட்டுப் பார்த்தான். 'இது' ஒரு நாள் திட்டியது. 'என்' வேறொரு நாள். 'வீடு' கிடைக்கவில்லை. 'வீட்டுக்கு வந்தா' என்பதிலிருந்து வெட்டினான். ஓட்டினால், மேடுபள்ளமான ரோட்டில் போகிற வண்டியில் உட்கார்ந்து நாயகி சபதம் எடுப்பது மாதிரி இருந்தது.

சரி, புதிதாகத் திட்டவைப்பதுதான் வழி. மைக் ஸ்டூடியோவில் இருந்ததால் செல்ஃபோனிலேயே பதிவு செய்வது என்று முடிவு செய்தான். கேன்காரருக்கு ஃபோன் செய்து, "நாளைக்குக் கொஞ்சம் லேட்டா வாங்கண்ணே, ரொம்ப லேட்டா" என்றான்.

அவர் உச்சி வெயிலில் வந்தார். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இவன் சட்டைப்பைக்குள் பதிவை ஓடவிட்டு, அறைக்குள் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு இல்லையாம்மா?" என்றார் கேன்காரர்.

"இல்லப்பா" என்றார் அத்தை. நூலகக் குரல். "இனிமே இல்ல போலிருக்கு. வெயில்ல வந்திருக்கீங்க, கேனைத் திறந்து நீங்க முதல்ல ஒரு டம்ளர் குடிங்க."

காலி கேனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். திட்டு ஏன் வரவில்லை என்பதுதான் புரியவில்லை. ஒரு வாரமாகவே அத்தையின் சத்தம் அடங்கித்தான் இருந்தது. துக்கம் ஆறுகிறதோ? ஆறட்டும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஆறக்கூடாதா?

அடுத்ததாக அத்தையின் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்தான். 'யாருடா என் கண்ணாடிய எடுத்தது' என்று ஒரு வெடி வெடிக்கும் என்று எதிர்பார்த்தான். அத்தை செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப்பிடித்துத் தலைப்புகளை மட்டும் படித்தார். மறுநாள் இன்னும் தள்ளிப்பிடிக்கக் கை நீளம் போதாமல், தாளை எதிர் நாற்காலியில் சாத்திவைத்துவிட்டு இந்த நாற்காலியிலிருந்து பார்த்தார். இவனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியை எங்காவது கிடைக்கிற இடத்தில் வைத்துவிடலாம் என்று அவசரத்தில் ஃபிரிட்ஜுக்குள் வைத்தான்.

அத்தை அதை எடுத்தார். குளிர்ந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"மாப்பிள்ளை."

"என்னங்கத்தை?"

"எனக்குப் புத்தி மழுங்குது போல. கண்ணாடியக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுல வெச்சிருக்கேன்."

"அது... எல்லாருக்கும் வர்றதுதான்."

"நாளைக்கு அடுப்ப அணைக்க மறந்துட்டா? நீங்க வேலைக்குப் போற ஆளு. நான் ஒரு பாரமா இங்க இருக்கக்கூடாது."

இதுதான் சமயம். 'நான்தான் வெச்சேன்' என்று சொல்ல வாயைத் திறந்தான். 'ஏன் வெச்சீங்க?' என்ற அடுத்த கேள்வி கண்முன் வந்து நின்றது. மூடிக்கொண்டான்.

சாயங்காலம் மச்சான் ஃபோன் செய்தார். மனைவியின் அண்ணன். வேறு ஊரில் இருப்பவர், எதையும் உடனே முடித்துவிட்டுத்தான் மூச்சுவிடுவார்.

"மாப்ள, அம்மாவுக்கு மறதி வந்துடுச்சாமே? ஃபிரிட்ஜுல கண்ணாடிய வெச்சாங்களாம்? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

"ஒண்ணுமில்லன்னு விடக்கூடாது. இங்க அனுப்பிடுங்க, டாக்டர்கிட்ட காட்டறேன். எத்தனை நாளைக்குத்தான் நீங்களும் பாப்பீங்க? அவளே இல்ல. உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"அத்தை இங்கயே இருக்கட்டும்" என்று சொல்ல நினைத்தான். "பாக்கலாம்" என்று சொன்னான். அவன் வாய் எப்போதும் அப்படித்தான். நினைப்பது ஒரு டிராக்கில் ஓடும், வெளியே கேட்பது வேறு டிராக்.

வியாழக்கிழமை. இயக்குநர் மூன்று தடவை ஃபோன் செய்துவிட்டார். அத்தை மேஜையருகே உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வந்தபோது நல்ல யோசனை போலத்தான் இருந்தது. 'இது என் வீடு, நான் எங்கயும் போகமாட்டேன்' என்று ஒருவரைச் சொல்லவைக்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு. எந்த மானமுள்ள மனுஷியும் அந்தக் கேள்விக்கு அப்படித்தான் பதில் சொல்வாள். சொன்ன அடுத்த நொடி காலில் விழுந்துவிடலாம்.

சட்டைப்பையில் ஃபோனை ஓடவிட்டான். எதிரே போய் நின்றான்.

"அத்தை."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"மச்சான் கூப்பிடறாரே. போகவேண்டியதுதானே?"

அத்தையின் கை மடிப்பில் நின்றது. போதவில்லை என்று நினைத்தான். ஒரு வருடமாகப் பேசாத வாய், ஒரேயடியாகத் திறந்துகொண்டது.

"எதுக்கு இன்னும் இங்க உக்காந்திருக்கீங்க? யாருக்காக? அவ இல்ல. அவளே இல்லாதப்ப இது என்ன உங்க வீடா? கிளம்புங்க!"

கிளம்புங்க என்பது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஹாலில் துணி குறைவு.

அவன் காத்திருந்தான். திட்டுங்கள், திட்டுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றான்.

அத்தை மடித்துக்கொண்டிருந்த துணியை முழுவதும் மடித்து முடித்தார். அது அவன் சட்டை. அதை அவன் பக்கத்து அடுக்கில் வைத்தார்.

"சரிங்க மாப்பிள்ளை" என்றார்.

காலில் விழுவதற்கான இடம் வசனத்தில் இல்லாமல் போய்விட்டது.

காலையில் பேருந்து. ஒரு பெட்டி, ஒரு கைப்பை. அவன்தான் தூக்கிவந்தான். ராத்திரி முழுவதும் ஒத்திகை பார்த்த மன்னிப்பையும் சேர்த்து. அத்தை ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீழே நின்றவனைப் பார்த்தார்.

"உங்க படத்துக்கு இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா மாப்பிள்ளை?"

ஏன் இதைக் கேட்கிறார் என்று யோசித்தான். மரியாதைக்குக் கேட்கிறார். போகிற இடத்தில் இவனைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

"இல்லங்கத்தை. எல்லாம் முடிஞ்சுது."

"நல்லதாப் போச்சு" என்றார். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. வெயில் கண்ணில் பட்டதாகவும் இருக்கலாம். "அலமாரியப் பூச்சி அரிக்காம பாத்துக்குங்க. துணி போச்சுன்னா எதிரொலி வரும்."

பேருந்து போய்விட்டது.

நேரே ஸ்டூடியோவுக்குப் போனான். வசனம் கிடைக்கவில்லை, வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லப்போனான். அதற்குள் இயக்குநர் அவன் ஃபோனைப் பிடுங்கி, கடைசியாக இருந்த பதிவை ஸ்பீக்கரில் ஓட்டிவிட்டார்.

"எதுக்கு இன்னும் இங்க உக்காந்திருக்கீங்க? யாருக்காக?" என்று ஸ்டூடியோ முழுவதும் கேட்டது. "இது என்ன உங்க வீடா? கிளம்புங்க!"

பிறகு அமைதி. துணி மடிக்கும் சத்தம். பிறகு, சின்னதாக, "சரிங்க மாப்பிள்ளை."

வரைகிறவர்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

"யோவ் சவுண்டு" என்றார் இயக்குநர். குரல் கம்மியிருந்தது. "இந்த ஆம்பளைக் குரல் யாரோடதுய்யா?"

அவன் ஃபோனைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினான்.

"என்ன ஒரு கல்நெஞ்சம்! நாலு மாசமாத் தேடறேன். வில்லன் கிடைச்சாச்சு! அந்தம்மா பதில் பேசாமப் போறாங்க பாரு, அதான் முடிவு. 'எங்கயும் போகமாட்டேன்' எல்லாம் வேண்டாம். கடைசியில 'மாப்பிள்ளை'ய மட்டும் வெட்டிடு. வில்லனைப் போய் யாராவது மாப்பிள்ளைன்னு கூப்பிடுவாங்களா?"

வெட்டினான். அது அவன் வேலை. ஒரே ஒரு சொல். அந்த இடத்தில் ஒரு மூச்சு மட்டும் மிஞ்சியது. அதை வெட்டவில்லை.

"அந்தம்மா பேரு டைட்டில்ல வரணும்யா, மறக்காம குடு. வில்லன் பேரையும்" என்று இயக்குநர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இனி அதற்கு அங்கே வேலை இல்லை.

வீட்டுக்கு வந்து மைக்கை அலமாரிக்குள் வைத்தான். பழக்கதோஷம், சுவிட்சைப் போட்டான். சிவப்பு லைட் எரிந்தது. துணிகள் அசையாமல் தொங்கின. பதிவு செய்ய எதுவும் இல்லாத வீட்டை மைக் பதிவு செய்துகொண்டிருந்தது.

காலிங்பெல் அடித்தது. கேன்காரர். தோளிலிருந்து கேனை இறக்கிவைத்துவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தார். அலமாரி இடுக்கில் தெரிந்த சிவப்பு லைட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு அடி பின்வாங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, வாசற்படிக்கு வெளியே நேராக நின்றார். மேடையில் பேர் வாசிக்கக் காத்திருப்பவர் மாதிரி.

"என்னண்ணே, என்ன வேணும்?"

"அம்மா எங்க சார்?"

"மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

"தெரியல."

அவர் முகம் தொங்கிப்போனது. காலி கேனை எடுத்துக்கொண்டு திரும்பினார். அவரிடமாவது ஒரு மன்னிப்பைச் சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. யாரிடமாவது சொல்லியாகவேண்டும்.

"அண்ணே, அத்தை உங்களை ரொம்பத் திட்டிட்டாங்க. மனசுல வெச்சுக்காதீங்க. பொண்ணு போன துக்கம். அவங்களுக்கே தெரியாம கத்திட்டாங்க."

கேன்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தெரியாமலா? அட நீங்க வேற சார். இந்த சிவப்பு லைட்டு எரியுற அன்னிக்கு மட்டும் அம்மா வாசக் கேட்டு வரைக்கும் எறங்கி வந்து, 'மாப்பிள்ளை படத்துக்கு ஒரு குரல் வேணும்ப்பா, வாயத் திறந்து கேக்கமாட்டேங்கிறாரு, உன்னைக் கொஞ்சம் திட்டிக்கட்டுமா'ன்னு எங்கிட்ட கேட்டுட்டுதான் சார் திட்டுவாங்க."